வலியை வயதின் மேல் போடாதீர்கள்



குளியலறையில் வழுக்கி விழும் முதியவர்கள் பலருக்கு முறிவது தொடை எலும்பின் மேற்பகுதி. இதையே இடுப்பு எலும்பு முறிவு என்கிறார்கள். பல முறிவுகளில் எலும்புக்குள் உலோகத் தண்டு செலுத்தி, பந்துமுனைக்குள் திருகாணி முடுக்குவார்கள்.

திருகாணியின் முனை சரியான இடத்தில் நிற்க வேண்டும். முன்பக்க, பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டிலும் அம்முனைக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. தூரம் கூடினால், நலிந்த எலும்பைத் திருகாணி துளைத்து வெளிவரக்கூடும்.

தண்டின் வடிவமும் முக்கியம். உயரம் குறைந்த ஆசிய முதியவர்களுக்குச் சரியாகப் பொருந்தாததால், ஒரு வகைத் தண்டின் வளைவு 6 டிகிரியிலிருந்து 5 டிகிரியாகக் குறைக்கப்பட்டது.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் வலி இருப்பது இயல்பு. ஆனால் அது படிப்படியாகக் குறைய வேண்டும். குறைந்த வலி மீண்டும் கூடினாலோ, காலூன்றும்போது தொடை இடுக்கில் வலித்தாலோ, கால் குட்டையானதுபோல் தெரிந்தாலோ உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் வலித்தால் திருகாணி நீண்டு உறுத்தலாம். தொடை நடுவே வலித்தால் தண்டின் நுனி எலும்பை முட்டலாம்.

"வயதானால் வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தடவி விட்டுவிடாதீர்கள். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் வரக்கூடும். அம்மாவோ அப்பாவோ வலிக்கிறது என்றால், எங்கே, எப்போது என்று கேளுங்கள். அந்தப் பதிலை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.