இன்ஃபமி: பழி யாரைச் சாரும்?



நாம் இன்று எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் 'இன்ஃபமி'. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இதற்கு 'அவமானம்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இலத்தீன் மொழியின் 'ஃபாமா', பேசுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஊரார் பேச்சு, அதனால் வரும் பெயர், புகழ் எனப் பொருள் விரிந்தது. ஒலியைக் குறிக்கும் நம் 'இசை' புகழையும் குறிப்பதை இங்கு ஒப்புநோக்கலாம். 'ஃபாமா'வின் முன் 'இன்' என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்தபோது, பொருள் புகழின்மையோடு நிற்காமல் இகழாகவே மாறிவிட்டது. உரோமானியச் சட்டத்தில் அது குடிமகனின் உரிமைகள் சிலவற்றைப் பறிக்கும் நிலையாகவும் இருந்தது. வள்ளுவரும் புகழ் அதிகாரத்தில் இசை பெறாமையையே வசை என்கிறார். தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருப்பது வியப்பே. 'வசை'யையே நாம் பரிந்துரைத்திருப்போம். இன்று அது திட்டுதல் என்னும் பொருளில் சுருங்கிவிட்டது.

1941 டிசம்பர் 8ஆம் நாள், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரை இச்சொல்லால் பெயர்பெற்றது. வரைவில் அந்நாள் 'உலக வரலாற்றில்' நிலைக்கும் என்றே இருந்தது. அதை அடித்துவிட்டு, 'இன்ஃபமி' என்று அவரே தம் கையால் மாற்றினார். கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியதும் அத்தாக்குதலுக்குச் சற்று முன்னர்தான். மலாயாவின் பெயரும் அவ்வுரையில் உண்டு.

இங்கே 'அவமானத்தில் வாழும் நாள்' என்று பெயர்த்தால், தாக்கப்பட்டவர் தலைகுனிந்ததாகப் பொருள்படும். அவமானம், அதை அடைந்தவருடையது. இன்ஃபமியோ செய்தவர்மேல் ஏறி, அவர் மறைந்த பின்னும் நிற்பது. ஆகவே 'என்றும் பழிக்கப்படும் நாள்' என்பதே நம் பரிந்துரை. தனிமனிதரைப் பற்றியதாயின் 'அவப்பெயர்' பொருந்தும்.

இதன் பெயரடையாகிய 'இன்ஃபமஸ்' இன்னும் வழுக்குவது. அழுத்தம் முதலசைக்கு நகர்வதால் 'ஃபேமஸ்' என்னும் ஒலி அதற்குள் மங்கிவிடுகிறது. எழுத்தில் கண்டவர் 'புகழ்பெறாத' என்கிறார். அவசரக்காரர் 'புகழ்பெற்ற' என்றே எழுதிவிடுகிறார். சயாம் மரண இரயில்பாதையை ஆங்கில நூல்கள் இவ்வடையோடு சுட்டுவதுண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்ட பாதை அது. அதனைப் 'புகழ்பெற்ற இரயில்பாதை' என்று ஒரு மாணவர் எழுதினால், அரை மதிப்பெண் குறைப்பதோடு ஆசிரியர் நிறுத்திவிடலாகாது. அந்தப் பாதையில் யார் மாண்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழில் 'பேர்போன' என்றொரு சொல் இருக்கிறது. நன்மைக்கும் தீமைக்கும் பொதுவானது. எதற்குப் பேர்போனது என்று முன்னால் சொல்லியே தீரவேண்டும். 'கொடுமைக்குப் பேர்போன இரயில்பாதை' என்று எழுதிப் பாருங்கள்.