பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி – நெருக்கடி வந்தால்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கம்பெனி பெரிசா இருந்தா நெருக்கடியைச் சமாளிக்க முடியுமா, சின்னதா இருந்தா முடியுமா? அதைப் பத்திப் பேசுப்பா" என்று நம் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நான் நாலு வருஷம் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். இரண்டு வீட்டுச் சாப்பாடும் தெரிந்தவன் என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டேன்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். முதலில் அதைப் பார்ப்போம். 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலினால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடைக் கலந்துவிட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். விற்றுக்கொண்டிருந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி நாடு முழுக்க சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. செலவு ஏறக்குறைய 10 கோடி டாலர். பிறகு, யாராவது பிரித்தால் தெரிந்துவிடும்படி புதிய பேக்கிங் செய்து, அதே பெயரில் மறுபடி கடைக்கு வந்தது. நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி நல்ல முடிவு எடுக்கக் கையில் காசு வேண்டும் சார். பத்துப் பேர் வேலை பார்க்கிற கம்பெனியாக இருந்தால், அந்த நல்ல முடிவே அதன் கடைசி முடிவாக ஆகியிருக்கும்.

ஆக, பெரிசுக்கு மெத்தை உண்டு. விழுந்தாலும் எலும்பு முறியாது. அதனுடைய கஷ்டம் வேறு. பிரச்சினையைக் கண்ணால் பார்க்கிறவருக்கும், முடிவு எடுக்கிறவருக்கும் நடுவில் எட்டு மாடி இருக்கும்.

2000-ஆம் ஆண்டு மார்ச் 17. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கி நகரில், பிலிப்ஸ் கம்பெனியின் சிப் தொழிற்சாலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. சுமார் பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் செய்கிற அறைக்குத் தூசியே ஆகாது; புகையும் தண்ணீரும் புகுந்தால் என்ன ஆகும்? அங்கே இருந்து சிப் வாங்கியவை நோக்கியாவும் எரிக்ஸனும். "ஒரு வாரம் தாமதமாகும்" என்று இரண்டு பேருக்கும் தகவல் போனது. நோக்கியாவில் அந்தச் செய்தி சீக்கிரமே மேலிடம் வரைக்கும் போனது. தினமும் நிலவரம் கேட்டார்கள்; பிலிப்ஸின் மற்ற தொழிற்சாலைகளையும் வேறு சப்ளையர்களையும் பிடித்தார்கள். எரிக்ஸனில் செய்தி நடுவிலேயே தங்கிவிட்டது. சில சிப்களுக்கு மாற்று சப்ளையரும் கிடையாது. கிட்டத்தட்ட 40 கோடி டாலர் விற்பனை போயிற்று. 2001-இல் எரிக்ஸன் தன் கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டாக்கிக்கொண்டது. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்தத் தீ ஒரு பெரிய அடி. கவனியுங்கள், இரண்டுமே யானைகள்தான். ஒரு யானைக்குக் காது கேட்டது, இன்னொன்றுக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னக் கம்பெனியில் இந்தத் தூரமே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஷெட்டுகளில் தண்ணீர் புகுந்தது. எங்கள் ஓனர் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே முடிவு எடுத்தார். கன்ட்ரோல் பேனல்களைக் கழற்று, ஸ்பிண்டில் மோட்டாரைக் காயவை, அவசர ஆர்டரைக் கோயம்புத்தூரில் தெரிந்த பட்டறைக்கு அனுப்பு. கமிட்டி இல்லை, மினிட்ஸ் இல்லை, கையெழுத்து இல்லை. அரை மணி நேரத்தில் வேலை ஆரம்பம்.

ஆனால் சின்னதின் பலவீனம் அப்புறம்தான் தெரியும். பக்கத்து ஷெட்காரரும் எங்களைப் போலவே தண்ணீரை இறைத்து, மெஷினை ஓட்டிவிட்டார். அவருடைய பெரிய வாடிக்கையாளர் நிறுவனம், "எங்களுக்கும் நஷ்டம், பொறுங்க" என்று பழைய பில்களை மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தது. சம்பளம், வாடகை, பேங்க் வட்டி மூன்றும் பொறுக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குள் ஷெட்டைக் காலி பண்ணிவிட்டார். வெள்ளம் அவரை மூடவில்லை. வராத பாக்கிதான் மூடியது.

நெருக்கடி வந்தால் பெரிசு தன் பாரத்தைக் கீழே இறக்கிவைக்கும். கீழே இருப்பவனுக்கு இறக்கிவைக்க இடம் கிடையாது. எனக்குத் தெரிந்து அளவு செய்கிற மிகப்பெரிய வித்தியாசம் இதுதான்.

இப்படித்தான் நடந்தாக வேண்டுமா என்றால், இல்லை. 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை. ஜப்பானில் கரியா என்ற ஊரில் ஐசின் செய்கி கம்பெனியின் தொழிற்சாலை எரிந்தது. பின் சக்கர பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன வால்வு, டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. கையிருப்பு ஓரிரு நாளுக்குக்கூடச் சரியாக இல்லை. டொயோட்டாவின் ஜப்பான் தொழிற்சாலைகள் ஏறக்குறைய எல்லாம் நின்றன. காப்பாற்றியது யார் தெரியுமா? பெரிதும் சிறிதுமாக சுமார் இருநூறு கம்பெனிகள். வரைபடத்தை வாங்கிக்கொண்டு, கையில் இருந்த மெஷினிலேயே வால்வு செய்ய ஆரம்பித்தார்கள். அதில் தையல் மெஷினுக்குப் பேர்போன பிரதர் கம்பெனியும் ஒன்று. விலை பேசிக்கொண்டு உட்காரவில்லை. சில நாட்களில் முதல் வால்வுகள் வந்தன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் கார்கள் மறுபடி ஓடி வந்தன. காசு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் ஓடி வந்தார்கள். அந்த நம்பிக்கை தீப்பிடித்த அன்று உண்டானதல்ல. பல வருஷப் பழக்கம்.

சின்னவர்கள் தங்களுக்குள் சேர்வதும் ஒரு வழி. 2011 ஜனவரி கடைசியில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. நொய்யல் பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு வந்தே ஆக வேண்டும். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்றால் தனிப் பட்டறையால் முடிகிற காரியமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கூட்டாகச் சீர்செய்துதான் மீண்டும் திறந்தார்கள்.

தம்பி தங்கைகளே, வேலைக்குப் போகும்போது பெரிசா சின்னதா என்று மட்டும் பார்க்காதீர்கள். "கெட்ட செய்தி இங்கே மேலே போக எத்தனை நாள் ஆகும்?" என்று கேளுங்கள். சின்னக் கம்பெனி என்றால், "ஒரே வாடிக்கையாளரை நம்பியா இருக்கீங்க?" என்றும் கேளுங்கள்.

பெரிய நிறுவனங்களில் பர்ச்சேஸிலும் அக்கவுண்ட்ஸிலும் கையெழுத்துப் போடும் என் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். குறு, சிறு நிறுவனங்களின் பில்லை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் கூட்டுவட்டி உண்டு. ஆனால் வட்டி கேட்டு வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயத்திலேயே பல பேர் வாய் திறப்பதில்லை. அடுத்த நெருக்கடி வரும்போது, உங்கள் மேஜையில் இருக்கிற ஃபைல்களில் மிகச் சின்னத் தொகை எதுவோ, அதை முதலில் பாஸ் பண்ணுங்கள். உங்களுக்கு அது கணக்கில் ஒரு வரி. அங்கே பத்துக் குடும்பத்துக்கு அந்த மாதச் சம்பளம்.