நாடி எத்தனை முறை துடிக்க வேண்டும்?



வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் எங்களிடம் தாய்மார்கள் அடிக்கடி கேட்பதுண்டு: "ஐயா, சார்ட்டில் நாடி 120 என்று எழுதியிருக்கிறார்களே, பிள்ளைக்கு ஏதாவது ஆபத்தா?" நாங்கள் வைத்தியர்கள் அல்ல. ஆனாலும் டாக்டர்களும் நர்சுகளும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பச்சைக் குழந்தையின் இருதயம் மிகச் சிறியது. ஒவ்வொரு துடிப்பிலும் அது தள்ளும் இரத்தம் சில மில்லிலிட்டர்தான். வளரும் உடலுக்கோ தேவை அதிகம். ஆகவே அது விரைந்து துடிக்கிறது. பிறந்த குழந்தைக்கு நிமிடத்திற்கு 100 முதல் 160 வரை இருக்கலாம். ஒன்று, இரண்டு வயதில் 80 முதல் 130. ஐந்து, ஆறு வயதில் 75 முதல் 115. பத்து வயதுக்கு மேல் 60 முதல் 100. எண்பது வயதிலும் இதே அளவுதான். நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு 40, 50 என்றும் இருப்பதுண்டு. அழுகை, காய்ச்சல், பயம் எல்லாம் நாடியை ஏற்றும். ஆகவே ஓய்வில்தான் எண்ண வேண்டும்.

60 என்ற எண்ணைக் கவனியுங்கள். சாய்வு நாற்காலியில் இருக்கும் தாத்தாவுக்கு அது சுகத்தின் அடையாளம். அப்போதுதான் பிறந்த பேரனுக்கோ, செயற்கைச் சுவாசம் கொடுத்த பின்பும் துடிப்பு 60க்குக் கீழே நின்றால், உடனே மார்பை அழுத்தி உயிரைக் காக்க வேண்டும். அதற்காகவே பிரசவ அறையில் நர்ஸ் 6 விநாடி எண்ணிப் பத்தால் பெருக்குகிறார். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

வீட்டில் நமக்கு நேரமுண்டு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் கட்டைவிரலால் பார்க்க வேண்டாம்; அதற்கே ஒரு துடிப்பு உண்டு.

பெரியவர்களுக்கு ஓய்விலும் 100க்கு மேலேயே நின்றாலும், தலைசுற்றலோடு 60க்குக் கீழே இறங்கினாலும், துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சிலவகை ஒழுங்கற்ற துடிப்பால் இருதயத்தில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். முன்னதாகக் கண்டுகொண்டால் மருந்துகளால் பெரும்பாலும் தடுக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தாலோ எண்ணிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இந்த வாரமே உங்கள் வீட்டு முதியவரின் கையைப் பிடித்து எண்ணிப் பாருங்கள். நாடி சரியாகவே இருந்தாலும், ஒரு நிமிடம் பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்தது அவருக்கு ஆறுதலாயிருக்கும்.