வாக்குரிமையை வீடு வீடாக நடந்து வென்றவர்கள்

(இளைஞர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாக்குரிமையைப் பறிக்க நினைப்பவர்கள் யாரும் "உனக்கு வாக்கு கிடையாது" என்று வெளிப்படையாகச் சட்டம் எழுத மாட்டார்கள். எப்படி எழுதுவார்கள் என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் நல்ல பாடம்.

நிறத்தின் பேரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870லேயே அமெரிக்க அரசமைப்புச் சட்டம் சொல்லிவிட்டது. உடனே வெள்ளை ஆதிக்கவாதிகள் வேறு வழி தேடினார்கள். 1890இல் மிசிசிப்பி தனக்கென்று புதிய அரசமைப்புச் சட்டம் எழுதியது. வாக்களிக்க 2 டாலர் தலைவரி கட்ட வேண்டும். சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் பொருள் சொல்ல வேண்டும். சொன்ன பொருள் சரியா என்று முடிவு செய்பவர் பதிவு அலுவலர். அவர் வெள்ளையர். ஏட்டில் எல்லோருக்கும் ஒரே விதி, மேசைக்கு முன்னால் ஆளுக்கொரு விதி! சாதியை அனுபவித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1962 ஆகஸ்டில் ஃபேனி லூ ஹேமர் என்ற பருத்தித் தோட்டத் தொழிலாளி, 17 பேரோடு பேருந்தில் போய் அந்த மேசைக்கு முன்னால் நின்றார். அப்போது அவருக்கு 44 வயது. தனக்கு வாக்குரிமை இருக்கிறது என்பதே, மாணவர் இயக்க இளைஞர்கள் தேவாலயத்தில் நடத்திய கூட்டத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அலுவலர் கேட்ட சட்டக் கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பினார். விண்ணப்பித்த செய்தி அவருக்கு முன்பே தோட்ட முதலாளியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. "விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு" என்றார் முதலாளி. 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டு அன்றிரவே வெளியேறினார் ஹேமர். விடவில்லை, மீண்டும் போனார். 1963 ஜனவரியில் தேர்வானார். அதே ஆண்டு சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார்.

அந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மக்களின் வீடுகளிலேயே தங்கினார்கள். திண்ணை திண்ணையாக உட்கார்ந்து பேசினார்கள். 21 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பப் பயிற்சி கொடுத்தார்கள். "கருப்பர்களுக்கு அரசியலில் அக்கறையில்லை" என்ற பொய்யை உடைக்க, 1963 நவம்பரில் தாங்களே ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினார்கள். சுமார் 80,000 பேர் வாக்களித்தார்கள். 1964 கோடையில் ஏறத்தாழ 17,000 பேர் பதிவு செய்யப் போனார்கள். சுமார் 1,600 பேரைத்தான் ஏற்றார்கள். மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள்.

கணக்குப் பார்த்தால் தோல்விதான். ஆனால் மறுக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பமும் நாட்டின் முன் சாட்சியாக நின்றது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் 7 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த கருப்பினப் பதிவு, இரண்டே ஆண்டுகளில் 60 விழுக்காட்டை நெருங்கியது.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் ஒன்றிய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. 2021இல் ஜார்ஜியா மாநிலம், வாக்களிக்க வரிசையில் நிற்பவர்களுக்குத் தன்னார்வலர்கள் தண்ணீர் கொடுப்பதைக்கூடக் குற்றமாக்கியது. அந்த நீண்ட வரிசைகள் பெரும்பாலும் யார் வாழும் பகுதிகளில் இருந்தன என்று நான் சொல்ல வேண்டுமா?

சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே வாக்கு என்றிருந்த காலத்தில், 1928இல் சைமன் குழுவிடம் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1946இல் அவர் கருப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும் இந்த உறவை உணர்ந்ததால்தான்.

எனவே தோழர்களே, தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆளுக்கொரு தெருவின் வாக்காளர் பட்டியலை எடுங்கள். கதவைத் தட்டுங்கள். யார் பெயர் இல்லை, ஏன் இல்லை என்று கேளுங்கள். இடம்பெயர்ந்த கூலித் தொழிலாளியின் பெயர், வாடகை வீடு மாறிய பெண்ணின் பெயர், பதினெட்டு வயதான உங்கள் தம்பி தங்கையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிவம் 6ஐயும், இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8ஐயும் உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாதமும் அதே தெருவுக்குப் போங்கள்.

ஜெய்பீம்!