வெள்ளோட்டம் பார்ப்பவருக்குக் கூலி உண்டா?



பங்சார் தெலாவி சாலையில் மாலை வேளையில் காப்பிக் கடைக்குள் நுழைந்தால், ஏதாவது ஒரு மேசையில் மடிக்கணினி திறந்திருக்கும். அங்கே ஒரு மாணவர், இன்னும் விற்பனைக்கு வராத ஒரு மென்பொருளைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருக்கலாம். எங்கே நின்று போகிறது, எங்கே எழுத்து உடைகிறது என்று குறித்து நிறுவனத்துக்கு அனுப்புவார். இதுதான் பீட்டா சோதனை, தமிழில் வெள்ளோட்டம். சம்பளம்? ஒரு காசு கிடையாது. "விருப்பப்பட்டுத்தானே செய்கிறார்" என்பது ஒரு கட்சி. "குறை தீர்ந்த பிறகு லாபம் பார்ப்பது யார்?" என்பது மறு கட்சி.

கூலி கொடுப்பது இருக்கட்டும், சோதிப்பவரிடமே காசு வாங்கியதும் உண்டு. 2000 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் மேக் ஓ.எஸ். எக்ஸ் பீட்டாவை 29.95 டாலருக்கு விற்றது. ருசி பார்க்க வந்தவரிடம் சாப்பாட்டுக் காசு கேட்ட கதைதான்!

ஆனால், தமிழருக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல், 2005-இல் வந்த செல்லினம் என்று தமிழ் மென்பொருள் இந்த மண்ணிலேயே வளர்ந்தது. தமிழ் எழுத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. 'கொ' என்று தட்டினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வந்து நிற்க வேண்டும். எழுத்தைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். தமிழ் படிக்கத் தெரியாத பொறியாளருக்கு அது கண்ணிலேயே படாது. தமிழ் படிப்பவர்தான் சொல்ல வேண்டும். மொழிக்காக ஒருவர் அப்படிச் சொல்லும்போது கூலிக் கணக்கு பார்ப்பது பொருந்தாது. அதே உழைப்பை, பல கோடி வருமானம் உள்ள நிறுவனம் 'மொழிப்பற்று' என்று சொல்லி இலவசமாக வாங்கிக்கொள்வது வேறு விஷயம்.

கோடு எங்கே? அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் அரட்டை அறைகளை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கவனித்துக் கொண்டார்கள். அவர்கள் மென்பொருள் சோதனையாளர்கள் அல்லர். ஆனாலும் கேள்வி ஒன்றுதான். அவர்களுக்கு நேர அட்டவணை இருந்தது, அறிக்கை எழுத வேண்டியிருந்தது. கைம்மாறாகக் கிடைத்தது இணையக் கணக்குச் சலுகை. 1999-இல் வழக்குப் போட்டார்கள். 2010-இல் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

நம் நாட்டிலும் இதை எடைபோட ஓர் அளவுகோல் வந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 101சி பிரிவு, 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் ஒருவர் கட்டுப்படுத்தினால் அவரை முதலாளி என்று அனுமானிக்க அது இடம் தருகிறது. மறுத்து நிரூபிக்க முதலாளிக்கும் வழி உண்டு. ஆகவே, "வாரம் பத்து மணி நேரம், வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை, தவறினால் நீக்கம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது வெள்ளோட்டம் அல்ல, வேலை. அதற்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.

நினைத்த நேரத்தில் பார்த்து, நினைத்தபோது விடுபவருக்கு மாதச் சம்பளம் கேட்பது அதிகம். அவர் கண்டுபிடித்த பெரிய குறைக்குப் பரிசு தரலாம். நெட்ஸ்கேப் 1995-லேயே அப்படித் தந்தது. கணினி அறிஞர் டொனால்ட் குனூத், தம் நூலில் பிழை கண்டவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டியவர்கள் பலர்.

காசை விட முக்கியமானது காது கொடுப்பது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது. மைக்ரோசாப்ட் சில நாளில் விநியோகத்தை நிறுத்தியது. பிறகு பார்த்தால், இலவசமாகச் சோதித்தவர்கள் அந்தக் குறையை முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான புகார்களுக்கு நடுவே அது கவனிக்கப்படவில்லை. சம்பளம் வாங்குபவர் எழுதிய அறிக்கையாக இருந்திருந்தால், மேலதிகாரி ஒருவராவது படித்திருப்பார்.