சுரங்கப்பாதையை மூடும் முன்

ரயில் நிலையத்தில் நாம் நடந்து போகும் சுரங்கப்பாதையை, பேச்சு வழக்கில் சொன்னால் சப்வேயை, ஏன் மூடுகிறார்கள், மூடினால் என்ன ஆகிறது, மூடும் முன் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ரயில்வே பொறியியல் பிரிவில் சப்வேக்களைப் பராமரித்தே உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். அதனால் முதல் கேள்வியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மூடுகிறார்கள்? பெரும்பாலும் தண்ணீரால்தான்.

பெங்களூரு மெஜஸ்டிக்கையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பிருந்தாவனிலோ லால்பாக் எக்ஸ்பிரஸிலோ வந்து சிட்டி ஸ்டேஷனில் இறங்கியவர்கள், சாலைக்கு அடியில் சப்வே வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பீர்கள். அந்த கெம்பேகௌடா பஸ் நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில். கெம்பே கௌடர் காலத்து ஏரி என்பார்கள். பேட்டை மக்களின் தாகம் தீர்த்த ஏரி. அது வற்றி, மைதானமாகி, பொதுக்கூட்டங்கள் நடந்து, பிறகு பஸ் நிலையம் ஆனது. பக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறதே, அதுதான் பழைய ஏரிக்கரை. அடுத்த முறை போகும்போது சற்று நின்று நிலத்தின் சரிவைப் பாருங்கள்.

பெங்களூரு கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும் ஊர். பெரிய ஆறு இல்லை. ஓர் ஏரி நிரம்பி, கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அதைத்தான் இங்கே ராஜகாலுவே என்கிறார்கள். ஏரியை மண் போட்டு மேடாக்கிவிடலாம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த சரிவை என்ன செய்வது? மழை கொட்டினால் தண்ணீர் பழைய தடத்திலேயே வந்து, கிடைத்த பள்ளத்தில் இறங்கும். இன்று அங்கே இருக்கும் பள்ளம் சப்வேதான்.

சப்வேயின் படி முடியும் இடத்தில், குறுக்கே இரும்பு வலை போட்ட சிறு வாய்க்கால் ஒன்று இருக்கும். அதில் விழும் தண்ணீர் சம்ப் என்னும் தரைக்கு அடியிலான தொட்டிக்குப் போகும். அங்கிருந்து மோட்டார் இறைத்து வெளியே தள்ளும். நாலு பிளாஸ்டிக் பையும் கொஞ்சம் பூ நாரும் அந்த வலையில் சிக்கினால் போதும், எவ்வளவு பெரிய மோட்டாரும் பயன்படாது. சுவரையும் பார்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், உள்ளே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். மழை விட்டுப் பல நாள் ஆன பிறகும் அங்கே கை வைத்தால் சில்லென்றிருக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்தால், மேலே ரயில் ஓடும் பாதைக்கே ஆபத்து. அப்போது மூடித்தான் தீர வேண்டும். தண்ணீர் நிரம்பினாலும் அப்படித்தான். 2023 மே 21 அன்று பெங்களூரு கே.ஆர். சர்க்கிளில், மழைநீர் நிரம்பிய வாகனச் சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் சப்வேயை மூடலாம், நடக்கும் கால்களை மூட முடியாது. ஒரு நிலையத்தில் கசிவு வேலைக்காக சப்வேயைப் பூட்டி, அறிவிப்பு ஒட்டினார்கள். மறுநாள் காலை, தலையில் பூக்கூடையோடு ஓர் அம்மா தண்டவாளத்தைக் கடக்கிறார். “ஏம்மா, மேம்பாலம் இருக்கே?” என்றேன். “முட்டி தேஞ்சு போச்சு சாமி. கூடையோட அத்தனை படி ஏறணும்னா பூ வாடிரும்” என்றார். அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது, நேயர்களே. தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. அதனால் மேம்பாலம் ஆறு மீட்டருக்கு மேல் உயர்ந்தே ஆக வேண்டும். சப்வேக்கு ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம் போதும். படிகள் மிகவும் குறைவு. முழங்கால் வலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த வித்தியாசம் பெரிது.

தண்டவாளத்தைக் கடந்தால் ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் இப்படிக் கடந்து ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இறப்பதாக 2012இல் அனில் ககோட்கர் குழு சொன்னது. எல்லோரையும் ஒரே படிக்கட்டுக்குத் தள்ளினாலும் ஆபத்துதான். 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் குறுகிய நடைமேம்பாலத்தில் நெரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது; மூன்றாவது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைக்காலம் வரும் முன்பே வேலையை முடியுங்கள். முடிந்தால் பாதி அகலத்தை அடைத்து மறுபாதியில் ஆள் விடுங்கள். முழுதாக மூடுவதென்றால் மேம்பாலத்துக்கு லிஃப்ட் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். எப்போது திறக்கும் என்ற தேதியைக் கன்னடத்திலும், அங்கே நடப்பவர்கள் படிக்கும் மற்ற மொழிகளிலும், படி இறங்கும் முன்பே கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். நேயர்களே, தேதி எழுதாத பூட்டைக் கண்டால் நிலைய மேலாளரிடம் போய்க் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால், மூடிய வழிகள் சீக்கிரம் திறக்கும் என்று நம்புகிறேன்.