காலுக்கு ஒரு சோடி: கையால் தைக்கும் தோற்செருப்பு

(மாத்தளைத் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ரத்தோட்டை, கம்மடுவை, எல்கடுவை, உக்குவளைப் பக்கமிருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள். கூடையை இறக்கி வைத்த தோளோடு பேச்சுக் கேட்க உட்காருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாம் பேசப் போவது செருப்பைப் பற்றி. கடையில் வாங்குகிற பாட்டா இல்லை. தோலை வெட்டி, குத்தூசியால் துளைத்து, நம்ம கையாலேயே தைக்கிற செருப்பு.

"இதுக்கு ஒரு கூட்டமா?" என்று பின் வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நம்ம சனத்தின் கதையில் கால் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி இந்த மாத்தளைக்கு நடந்துதான் வந்தார்கள். நூறு மைலுக்கு மேற்பட்ட நடை. 1880ஆம் ஆண்டில்தான் மாத்தளைக்கு ரயில் வந்தது. அதற்கு முன் வந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தார்கள். தப்பி வந்தவர்கள் மலையேறி, ஈர மண்ணில் வெறுங்காலோடு வேலைக்கு நின்றார்கள்.

அந்த ஈர மண்ணில்தான் கொக்கிப்புழு இருந்தது. இந்தப் புழு வாய் வழியாக மட்டும் வருவது என்றுதான் முதலில் வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். 1898ஆம் ஆண்டில் எகிப்தில் லூஸ் என்ற ஆராய்ச்சியாளர் புழுக்குஞ்சு கலந்த தண்ணீரைத் தவறிக் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்தது, சிவந்தது. சில வாரங்கள் கழித்து அவர் மலத்திலேயே புழு முட்டை காணப்பட்டது. தோலைத் துளைத்து உள்ளே போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. விரல் இடுக்கில் நுழைந்து, இரத்தத்தோடு நெஞ்சுக்குப் போய், அங்கிருந்து குடலுக்கு இறங்கி, ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். முகம் வெளுத்து, மலை ஏற மூச்சு வாங்கி, "சோம்பேறி" என்று கங்காணியிடம் ஏச்சு வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் சோகை பிடித்தவர்களோ!

அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தொடங்கிய இடம் எது தெரியுமா? இந்த மாத்தளைத் தோட்டங்கள்தான். மருந்து கொடுத்தால் புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் இல்லாமல், காலுக்கும் ஒன்றும் இல்லாமல் அதே மண்ணில் மறுபடி நடந்தால் புழு மறுபடி ஏறத்தானே செய்யும்? செருப்பு மட்டும் போதாது, கக்கூசும் வேண்டும், பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்தும் வேண்டும். ஆனாலும் மூன்றில் ஒன்று செருப்பு.

அப்படியானால் நம்ம ஆட்கள் ஏன் அந்தக் காலத்திலேயே தைத்துப் போட்டுக்கொள்ளவில்லை? காசு இல்லை என்பது ஒரு பக்கம். மறுபக்கத்தை இப்படிக் கூட்டத்தில் யாரும் எடுப்பதில்லை. நாங்கள் எடுக்கிறோம். ஊரிலே செருப்புத் தைக்கிற வேலையை ஒரு சாதியார் தலையில் கட்டினார்கள். அவர்கள் தைத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு, அவர்களையே தீண்டாமல் ஒதுக்கி வைத்தார்கள். செருப்புத் தைத்தவன் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு மேல்சாதித் தெருவில் நடக்கக்கூடாது! இதைவிட அநியாயம் உண்டா? கடல் தாண்டி வந்தபோது அந்த வழக்கத்தையும் மூட்டையில் கட்டிக் கொண்டு வந்தோம். லயத்திலே கூட வரிசை பிரித்தோம். இன்றைக்கும் சண்டையில் வாய் தவறினால் வருகிற முதல் வசவு அந்தத் தொழிலைச் சொல்லித்தான். இதனால் என்ன ஆனது? அருந்ததியர் குடும்பங்களில் கைவேலை தெரிந்த பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளை அவமானப்படக் கூடாது என்று குத்தூசியை மறைத்து வைத்தார்கள். மற்றவர்களோ தொடவே மாட்டோம் என்றார்கள். இப்படி ஒரு நல்ல தொழில் நம்ம மத்தியில் கை நழுவிப் போகிறது. (சிங்களத்திலும் இதற்குப் பெயர் 'செரெப்பு'தான். சொல் நம்மகிட்டேயிருந்து போயிருக்கிறது, பாருங்கள்.)

நம்மைப் போலவே கூலி வேலைக்குக் கப்பலேறிய தமிழர்கள் தென்னாபிரிக்காவிலும் இருந்தார்கள். அங்கே காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்களை வைத்துக் காப்பாற்ற, 1910இல் ஜொகன்னஸ்பேர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர் கல்லன்பாக் என்ற கட்டடக் கலைஞர். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. எல்லாரும் ஏதாவது கைத்தொழில் செய்ய வேண்டும் என்பது பண்ணையின் ஏற்பாடு. கல்லன்பாக் மேரியன்ஹில் கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தி மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். பாரிஸ்டர் படித்த பனியா ஒருவர் தோலைத் தொட்டுத் தைத்தார்! இந்தியாவில் அவருடைய உறவுக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1911இல் தன் உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது, தான் இதுவரை பதினைந்து சோடி அளவில் தைத்துவிட்டதாகச் சொல்கிறார். செருப்பு வேண்டுமென்றால் பாத அளவை அனுப்பு, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் வெளிப்பக்கத்தில் வார் வரும் இடத்தைக் குறித்து அனுப்பு என்றும் எழுதுகிறார். வேலை தெரிந்தவர் பேச்சு அது. தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்சுக்கே சிறையில் ஒரு சோடி தைத்து, 1914இல் நாடு திரும்பும்போது கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல காலம் போட்டிருந்து, காந்தியின் எழுபதாவது பிறந்த நாளுக்கு, 1939இல், திருப்பி அனுப்பினார்.

இன்றைய நிலைமைக்கு ஒரு சேதி. இந்தியாவில் கோலாப்பூர் செருப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய தோலில், ஆணி இல்லாமல், தோல் நூலாலேயே தைப்பது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலித் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்வது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரக் காட்சியில் அதே மாதிரிச் செருப்பைக் காட்டியது, ஊர்ப் பெயரைச் சொல்லாமல்! இந்தியாவில் பெரிய கூச்சல் எழும்பிய பிறகுதான் இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தது என்று ஒப்புக்கொண்டது. நாம் கேவலம் என்று தள்ளுகிற வேலைக்கு வெளியே என்ன மதிப்பு என்று தெரிய இது போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

என்ன ஆயுதம் வேண்டும்? ஒரு கூரான கத்தி, ஒரு குத்தூசி, இரண்டு கோணி ஊசி, வட்ட முகச் சுத்தியல் ஒன்று, வெட்டுவதற்கு ஒரு மரப்பலகை, தீட்டுக்கல். அவ்வளவுதான். சைக்கிள் சில்லுக் கம்பியைத் தீட்டி மரப்பிடி போட்டால் குத்தூசி. உடைந்த இரும்பு வாள் அலகைத் தீட்டினால் கத்தி. கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மாருக்குத் தீட்டும் கலையை நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. மழுங்கின கத்தி தேயிலை வாதைக் கிழிக்கிற மாதிரியேதான் தோலையும் கிழிக்கும்.

தோல் வாங்கும்போது ஏமாறாதீர்கள். செருப்புக்குப் பட்டையில் பதப்படுத்திய தோல் வேண்டும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பழுப்பு நிறம் என்றால் அது பட்டைத் தோலாக இருக்கும். நீலச் சாம்பல் நிறம் ஓடினால் குரோம் தோல், அது அடித்தோலுக்கு ஆகாது, உருவம் பிடிக்காது. அடிக்கு நான்கைந்து மில்லிமீற்றர் தடிப்பு, வாருக்கு இரண்டு மூன்று போதும். வாரை மாட்டின் முதுகுப் பக்கத் தோலில், முதுகெலும்பு ஓடும் திசையிலேயே வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும், ஒரு மாதத்தில் செருப்பு கழன்று ஓடும்.

அளவு எடுப்பது சாயங்காலத்தில். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. கடதாசியில் உட்கார்ந்து அல்ல, நின்றுகொண்டு, பென்சிலை நேராகப் பிடித்து வரைய வேண்டும். இரண்டு காலையும் வரையுங்கள், ஒன்றுபோல் ஒன்று இராது. பெருவிரல் இடுக்கு, விரல் மூட்டுகள், கணுக்காலின் இரு பக்கம் இவற்றைக் குறியுங்கள். வார் நுழையும் வெட்டை ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது உள்ளே தள்ளிப் போடுங்கள். வெட்டின் இரு முனையிலும் சிறிய வட்ட ஓட்டை இருந்தால் தோல் அதற்கு மேல் கிழியாது. கைவேலையில் இதுபோன்ற சின்ன விஷயங்களில்தான் ஆயுசு இருக்கிறது.

தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் சற்று வற்றியதும் சுத்தியலால் தட்டி இறுக்குங்கள். வாரின் முனையைச் சீவி மெலிதாக்கி, இரண்டு அடித்தோலுக்கும் நடுவே வையுங்கள், இல்லாவிட்டால் முண்டு தட்டி உள்ளங்கால் புண்ணாகும். நூலுக்குத் தேன்மெழுகு தடவுங்கள். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று என இழுத்துத் தைக்க வேண்டும். மெசினில் தைத்தது ஒரு தையல் அறுந்தால் தொடர்ந்து பிரிந்து வரும். இந்தத் தையலில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். தைக்கும் கோட்டில் முன்கூட்டியே கத்தியால் மெல்லக் கீறிவிட்டால் நூல் அதற்குள் பதிந்து கல்லில் தேயாது.

நம்ம மலையில் மழை அதிகம், முழுத் தோலடி வழுக்கும், ஊறும். ஆகவே கீழே பழைய டயர் துண்டு ஒட்டித் தைப்பது நல்லது. கம்பி ஓடாத டயராகப் பாருங்கள், கம்பி ஒரு நாள் காலைக் குத்தும். ஒட்டுகிற பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டவே வேண்டாம், இஸ்தோப்பில் செய்யுங்கள். நனைந்த செருப்பை அடுப்போரம் காய வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். நிழலில் காய வைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவினால் போதும். மழைக்காலத்தில் கொழுந்து மலைக்கு இந்தச் செருப்பு சரிவராது, அதற்கு றப்பர் பூட்ஸ்தான். இது ரோட்டுக்கும், கோயிலுக்கும், லயத்தைச் சுற்றி நடக்கவும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விரலிடுக்கு வார் வைக்கவே கூடாது. கால் மரத்திருந்தால் புண் வந்தாலும் தெரியாது. அவர்களுக்குப் பின்வாரும் மெத்தென்ற உள்ளடியும் வேண்டும், முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விற்கலாமா என்று ஒரு தங்கச்சி வந்ததுமே கேட்டார். விற்கலாம். ஆனால் தோல், நூல், டயர் செலவோடு உங்கள் கைக்கூலியையும் கணக்கில் எழுதுங்கள். முதல் சோடி இரண்டு நாள் பிடிக்கும், கோணலாகவும் வரும், அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கை பழகிய பிறகு ஒரு சோடிக்கு எத்தனை மணி நேரம் என்று பார்த்து, நாட்சம்பளக் கணக்கில் அந்த நேரத்துக்கு என்ன வருமோ அதைச் சேருங்கள். அதற்குக் குறைத்து விலை சொன்னால் பக்கத்தில் தைக்கிறவர் வயிற்றிலும் அடிக்கிறீர்கள். முதல் ஆறு மாதம் பழுதுபார்க்கும் வேலையிலேயே கூடுதலாகக் கை பழகும். லயத்தில் அறுந்த வார் இல்லாத வீடு எது?

இங்கே இரண்டு பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார்கள், சொல்லவில்லை. நாங்கள் சொன்னதையெல்லாம் விட அவர்கள் கைக்குத் தெரியும். இன்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்கள் அவர்கள், எதிரே பாயில் உட்காரப் போகிறவர்கள் நாங்களும் நீங்களும். கடதாசியைக் கொண்டு வந்து விரியுங்கள் தம்பி. முதலில் யார் காலை வரையலாம்?